ருஷ்ய மொழியில் என் அண்ணனின் உடம்பு

ருஷ்ய மொழியில் நான் முதலில் படித்த சொற்கள் வணக்கமும் நன்றியும் அல்ல. மண்டையோடு, முள்ளந்தண்டு, விலா. மருத்துவம் படிக்கப் போனவளுக்கு அந்த ஊர் வாத்தியார்மார் மனிதனை எலும்பிலிருந்துதான் அறிமுகம் செய்து வைத்தார்கள். கடையில் பாண் என்கிற ரொட்டியைக் கேட்டு வாங்கத் தெரியாத காலத்திலேயே மணிக்கட்டின் சின்ன எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். "பாணுக்கும் ஒரு எலும்பின்ரை பேர் வைச்சிருந்தால் நீ பட்டினி கிடக்கமாட்டாய் பிள்ளை" என்பார்.

அண்ணன் எனக்கு முன்பே அங்கே நீர்ப்பாசனப் பொறியியல் படிக்கப் போனவர். கூடப் படித்த ருஷ்யப் பெண்ணையே கல்யாணம் செய்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மச்சாள் என்போம். எனக்கு வாய்த்த மச்சாள் மஞ்சள் தலைமயிரும் பெரிய கைகளுமாக இருந்தார். விடுமுறை நாட்களில் அவர்களுடைய ஒற்றை அறையில் போய் இருந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டுவிட்டு வருவேன். என் ருஷ்யப் பேச்சைக் கேட்டு அவர் முகத்தைச் சுளிப்பார். "நீ பேசினால் எனக்குப் பிரேத அறை ஞாபகம் வருகிறது" என்பார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. உடம்புக்கு அந்த மொழியில் ஒன்றுக்கு இரண்டு, மூன்று சொற்கள் இருக்கின்றன. கண்ணுக்கு வீட்டில் சொல்கிற சொல் கிளஸா. பாட்டில் வருவது ஓச்சி. உடம்புக்கு த்யேலா என்பார்கள். உயிரோடு இருக்கிற உடம்புக்கும் அதுதான், உயிர் போன உடம்புக்கும் அதுதான். ஆனால் உயிர் போனதற்கென்றே ஒரு சொல் தனியாக இருக்கிறது: துருப். அது நம்முடைய பிணம் மாதிரி. மேசையில் கிடத்தியிருப்பதற்கு மட்டுமே பொருந்தும். எனக்குப் புத்தகம் கொடுத்தது எல்லாம் மேசைச் சொற்கள். வீட்டுச் சொற்கள் மச்சாளிடம் இருந்தன.

வீட்டுச் சொற்களில் ஒன்றை நான் அந்த அறையில்தான் படித்தேன். முதல் பனிக்காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டையோடு அண்ணன் பனியில் சறுக்கி விழுந்துவிட்டார். முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடம் பிடித்துக்கொண்டது. முதுகுக்கு ஸ்பினா என்ற சொல் எனக்குத் தெரியும். மச்சாள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்பினா இல்லை, பயஸ்னீத்ஸா" என்றார். நான் அகராதியைத் தேடி ஓட, அண்ணன் கட்டிலில் குப்புறக் கிடந்தபடி, "நாரியடி, நாரி!" என்று கத்தினார். நாரி நோகுது என்று எங்கள் ஊரில் வயல்வேலை செய்கிற எல்லாரும் சொல்கிற அதே இடம். மச்சாள் இரண்டு பெருவிரல்களாலும் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்து, நாய்மயிரில் பின்னிய அகலமான கம்பளிப்பட்டி ஒன்றை அவருக்குக் கட்டிவிட்டார். ஆட்டுக்கம்பளியைவிட அதற்குச் சூடு அதிகமாம். நாயைக் கண்டாலே கல்லெடுக்கிற ஊரில் பிறந்த அண்ணன், நாயின் மயிரை இடுப்பில் கட்டிக்கொண்டு பரீட்சை எழுதினார்.

படிப்பு முடிந்து அவர்கள் ஊருக்கு வந்தார்கள். பிறகு நானும் வந்து சேர்ந்தேன். அண்ணனுக்கு மன்னாரில் கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்களில் வேலை. எங்கள் ஊரின் வெயிலில் மச்சாள் தக்காளி மாதிரிச் சிவந்துபோவார். "வாங்கோ", "இருங்கோ", "சரி" என்று சில சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு ஊரையே சமாளித்தார். பிள்ளை குட்டி இல்லை. தாய் வருத்தமாகிப் படுக்கையில் கிடக்கிறார் என்று மச்சாள் ருஷ்யாவுக்குப் போயிருந்த நேரத்தில்தான் சண்டை திரும்பவும் தொடங்கியது. பாதையெல்லாம் மூடிப்போயிற்று. அவர் அங்கே, நாங்கள் இங்கே.

ஊர் இடம்பெயர்ந்த நாளில் நாங்கள் மடு மாதா கோவிலை நோக்கி நடந்தோம். கோவிலடியில் குண்டு போடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். மாதாவை நாங்கள் கும்பிடுகிறவர்களா இல்லையா என்று அன்றைக்கு எவரும் கேட்கவில்லை. பாதி வழியில் அண்ணன் நின்றார். "சிவலையைக் கட்டினபடி விட்டிட்டு வந்திட்டன். அவிட்டு விட்டிட்டு வாறன், நீங்கள் நடவுங்கோ" என்றார். சிவலை எங்கள் பசு. நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் சிவலை தானாக நடந்து எங்களைத் தேடி வந்தது. கழுத்தில் கயிறு இல்லை. அறுத்துக்கொண்டு வந்த அடையாளமும் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார், முடிச்சை அவிழ்த்திருக்கிறார் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. அந்த மாட்டை நான் அதற்குப் பிறகு தொட்டதில்லை. வாயில்லாப் பிராணி என்ன செய்யும் என்பார்கள். எனக்கு அதன் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

பிறகு நான் வவுனியாப் பக்கம் ஆசுப்பத்திரியில் வேலை செய்தேன். அடையாளம் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து, தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று மச்சாளுக்குச் சொல்ல வேண்டும். சொல் தேர்வு அங்கேதான் என்னைக் கொன்றது. துணியை விலக்கும் வரைக்கும் அது எனக்கு த்யேலா. விலக்கிப் பார்த்து, அண்ணன் இல்லை என்று கண்டவுடன், அதே மேசையில் அதே ஆள் துருப். "இன்றைக்கு ஒரு துருப் பார்த்தேன், அவர் இல்லை" என்பேன். அதுவும் எவளோ ஒருத்தியின் அண்ணன்தானே என்று வரிசையில் நிற்கும்போது நினைப்பேன். தொலைபேசியைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுவேன். ஆறுதல் மனிதரை இப்படித்தான் மிருகமாக்குகிறது.

மச்சாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றையே சொல்வார். "வந்தால் வெறும் நிலத்தில் படுக்கவேண்டாம் என்று சொல். அவருடைய நாரிக்குக் குளிர் ஆகாது." ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஏறுகிற தொலைபேசியில், எங்கள் பக்கத்து வெக்கையில், குளிராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சொல்கிறேன்" என்று வைத்துவிடுவேன்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. நிவாரணமாகத் தந்த தகரங்களைப் போட்டு ஒரு கொட்டில் அடித்தோம். நாங்கள் என்றால் நானும் சித்தப்பாவின் மகனும். அவன் தமிழ்நாட்டு முகாமில் அவ்வளவு காலமும் இருந்துவிட்டு வந்தவன். மிதிவெடி எடுத்து முடிந்த வயலில் முதல் போகம் விதைத்து, வெட்டி, சூடும் அடித்துவிட்டான். நெல் வீட்டுக்கு வந்த கையோடு என்னிடம் வந்து நின்றான்.

"அக்கா, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதையுங்கோ. அண்ணைக்கு ஒரு பிடி எள்ளுந்தண்ணியும் இறைக்கேல்லை. தர்ப்பையிலை உருவம் பிடிச்சு எரிச்சுவிடுவம். எங்களுக்குப் பிறகு ஆர் இருக்கினம் செய்ய?"

உடம்பு கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஓர் ஆளைச் செய்து, தேங்காயைத் தலையாக வைத்து, ஐயர் ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லித் தொட்டு, பிறகு உண்மையான உடம்பைப் போலவே சுடலையில் எரிப்பது எங்களுடைய வழக்கம். மீளக் குடியேறிய ஊர்களில் அந்த வருடம் ஐயருக்கு இதுதான் பெரிய வேலையாக இருந்தது.

அவன் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், நான் களைத்துப்போயிருந்தேன். அண்ணன் இறந்துவிட்டார் என்று நோயாளியின் சொந்தக்காரருக்குச் சொல்வதைப்போல எவராவது எனக்கு முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் மனைவி உயிரோடு இருக்கிறார். அவர் சம்மதிக்காமல் செய்யமுடியாது.

கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சொல் தேடினேன். வயலில் குருவி விரட்ட வைக்கிற வைக்கல் மனிதனுக்கு ருஷ்ய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் பகிடி செய்வதைப்போல ஆகிவிடும். பொம்மைக்கு ஒரு சொல் இருக்கிறது. அது குழந்தைகள் சாமான். கடைசியில் "புல்லால் ஒரு த்யேலா செய்து எரிக்கப்போகிறோம்" என்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை, வெறும் புல்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

புல்லா என்று மச்சாள் திருப்பிக் கேட்டார். பிறகு, "நான் வருகிறேன். அதுவரைக்கும் ஒன்றும் செய்யாதே" என்றார்.

வந்து இறங்கிய பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் தலை முழுக்க வெள்ளை. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு முதலில் சொன்னது, "நான் சம்மதித்து வரவில்லை. பார்க்க வந்தேன்." கொட்டிலுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். இரண்டு சட்டை, மருந்து, அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு கம்பளிப்பட்டி. புதிதாகப் பின்னியது.

"இது யாருக்கு?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பழையது இவ்வளவு காலத்தில் நைந்திருக்கும்" என்றார்.

நான் வெளியே போய்க் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதேன். இருபது வருடத்துக்கு மேலாக அழாமல் காலத்தை ஓட்டியவள் ஒரு கம்பளித்துண்டுக்கு அழுதேன்.

பெண்கள் சுடலைக்கு வருவதில்லை என்று ஊரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "வாறதுக்கு எங்கடை வீட்டிலை எத்தினை ஆம்பிளையள் மிச்சம்?" என்று கேட்டேன். அவர்களும் எங்களோடு சேர்ந்து நடந்தார்கள். குளக்கட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற சுடலையில் ஐயர் பாயில் தர்ப்பையை விரித்து ஆளைக் கட்டத் தொடங்கினார். தர்ப்பை போதாமல் உள்ளே வைக்கல் வைத்தார்கள். அண்ணனின் வயலில் வெட்டிய வைக்கல். ஐயர் ஒவ்வொன்றாகத் தொட்டு, தலை என்றார், கண் என்றார், மார்பு என்றார். நான் மச்சாளின் காதில் ருஷ்ய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஐயர் கை என்றபோது பழக்கதோஷம் என்னைப் பிடித்துவிட்டது. தோள், மேற்கை, முன்கை, மணிக்கட்டு என்று பரீட்சையில் ஒப்புவிப்பதைப்போலச் சொல்லிக்கொண்டு போனேன். மச்சாள் என் வாயைத் தன் பெரிய கையால் பொத்தினார்.

"வெட்டாதே" என்றார். "அவரைத் துண்டு துண்டாக வெட்டாதே. ருக்கா என்று சொல்."

ருக்கா என்றால் தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும் முழுவதும். நம்முடைய கை மாதிரியே. ஐயரும் கை என்று ஒரே சொல்லாகத்தான் சொன்னார். இரண்டு மொழிக்காரரும் ஒன்றாக விட்டுவைத்ததை நான்தான் கூறுபோட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மச்சாளின் வீட்டுச் சொற்களையே சொன்னேன். அவர் என்னோடு சேர்ந்து மெல்லச் சொல்லத் தொடங்கினார். ஆனால் அவருடைய சொற்கள் இன்னும் சின்னதாக இருந்தன. தூங்குகிற குழந்தையின் விரலுக்கும் நெற்றிக்கும் அந்த நாட்டுத் தாய்மார் சொல்கிற கொஞ்சல் சொற்கள் அவை. என்னுடைய எந்தப் புத்தகத்திலும் அவை இருக்கவில்லை. என் அண்ணனின் உடம்பைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று அப்போதுதான் விளங்கியது.

ஆள் முழுமையானதும் வேட்டியால் போர்த்தப் போனார்கள். மச்சாள் தடுத்தார். குனிந்து, ஒருவருடைய அனுமதியும் கேட்காமல், அதைத் திருப்பிக் குப்புறக் கிடத்தினார்.

"ஐயோ, அப்பிடிப் பிரட்டக்கூடாதம்மா!" என்று ஐயர் பதறினார்.

மச்சாளுக்கு அது கேட்கவில்லை. புல்முதுகில் கையை ஓடவிட்டு, முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு பெருவிரல்களாலும் அழுத்தித் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். தர்ப்பை கையைக் கிழித்தது. பிறகு மடியிலிருந்து கம்பளிப்பட்டியை எடுத்து அந்த இடத்தில் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

ஐயர் என்னிடம் திரும்பினார். "இது என்ன கம்பளி பிள்ளை? ஆடோ?"

"ஓம் ஐயா, ஆடுதான்" என்றேன். நாய் என்று சொன்னால் அந்த இடத்திலேயே தர்ப்பையை உதறிவிட்டுப் போயிருப்பார். அண்ணன் அதைக் கேட்டிருந்தால் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்திருப்பார்.

மச்சாள் ஆளை நிமிர்த்திக் கிடத்தினார். ஐயரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "சரி" என்றார்.

சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். புல்லும் வைக்கலும் கண்மூடித் திறப்பதற்குள் பற்றிக்கொண்டன. நெய்யும் கற்பூரமும் மணத்தன. புல் நெருப்புத்தானே, இவ்வளவுதானா என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு நெருப்பு நாரிக்கு வந்தது. நாய்மயிர் பொசுங்கத் தொடங்கியது.

மயிர் பொசுங்குகிற மணம் இருக்கிறதே, அது புல்லின் மணம் அல்ல, விறகின் மணம் அல்ல. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த மணம் தெரியும். ஒவ்வொருவரும் எங்கேயோ ஒரு பதுங்குகுழியடியில், ஒரு தெருவில், அதை மணந்தவர்கள்தான். ஐயரின் மந்திரம் நின்றுபோயிற்று. சித்தப்பாவின் மகன் பின்னுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் முன்னர் முணுமுணுத்தவர்களில் ஒருவர் வாய்விட்டு அழத் தொடங்கினார்.

மச்சாள் எங்களோடு அந்தச் சண்டைக்குள் இருந்தவர் அல்ல. "இது என்ன மணம்?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எங்கள் எல்லாருடைய முகங்களையும் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நெருப்பைப் பார்த்தார். அப்படியே மண்ணில் குந்திவிட்டார். அவ்வளவு காலமும் அழாதிருந்த பெண் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுவார்கள். அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வெறும் சத்தம்தான்.

அடுத்த நாள் காலையில் காடாத்து, அதாவது பால் தெளித்து எலும்பும் சாம்பலும் எடுக்கிற சடங்கு. புல்லுக்கு ஏது எலும்பு? வெளிறிய சாம்பல் காற்றில் பறந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் கம்பளி சுருண்டு கரியாகி, கைப்பிடியளவு ஒரு கறுப்புக் கட்டி கிடந்தது. மச்சாள் அதைப் பொறுக்கி, ஊதி, அள்ளிய சாம்பலோடு மண்முட்டிக்குள் வைத்தார். முட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதை நான் எப்படிச் சொல்ல வேண்டும்?" என்றார்.

சாம்பலுக்கும் அந்த மொழியில் சொல் ஒன்றல்ல, இரண்டு. அடுப்புச் சாம்பல் ஸலா. மனிதன் எரிந்த சாம்பல் பிராஹ். அடுப்பில் எரிந்ததற்கு மற்றதைச் சொல்லமாட்டார்கள். அது அவருடைய தாய்மொழி. என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்றுமில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்காகவே காத்திருந்தார். முட்டிக்குள் இருந்தது புல்லும் வைக்கலும் நாய்மயிரும். உண்மையான சொல் ஸலா. நோயாளிகளிடம் நான் ஒருபோதும் மழுப்பியதில்லை.

"பிராஹ்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தலைத்துணியைக் கழற்றி முட்டியின் வாயைக் கட்டினார். பாலாவித் தீர்த்தம் வரைக்கும் ஓட்டோவில் அதைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வந்தார். தண்ணீரில் விடுவதற்கு முன் முட்டியை ஒருமுறை இறுக்கிப் பிடித்தார். ஆனால் விட்டுவிட்டார்.

ருஷ்யாவுக்குத் திரும்பிப் போய், முன்பைப்போலவே தொலைபேசி எடுக்கிறார். அங்கே பனி பெய்கிறதா, இங்கே குளம் நிரம்பியதா என்று பேசுகிறோம். என்னுடைய பிரஷர் குளிசையைப் பற்றி விசாரிக்கிறார். வைக்கிற நேரம் வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். அந்த வாக்கியம் வருவதில்லை. வெறும் நிலத்தில் படுக்கவேண்டாம் என்று சொல், அவருடைய நாரிக்குக் குளிர் ஆகாது. எனக்கு எரிச்சல் மூட்டிய அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் என் அண்ணன் அவ்வளவு காலமும் உயிரோடு இருந்திருக்கிறார். பிராஹ் என்று சொல்லி அதற்குள்ளிருந்து அவரை வெளியே எடுத்துப்போட்டது என்னுடைய வாய்.

போன கிழமை தாங்கமுடியாமல் நானே தொடங்கிப் பார்த்தேன். "மச்சாள், நாரி..." என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

மச்சாள் மிகவும் மெல்லக் கேட்டார்: "உனக்கு நாரி நோகிறதா?"

"ஓம்" என்றேன். "நோகிறது."